மெல்லொலியும் பறையொலியும்: தமிழ் மரபில் அன்றாட ஒலிகளும் செவிக் கவனமும்

முன்னுரை

கண்ணை மூடிக்கொள்ள இமை உண்டு. செவிக்கு அத்தகைய மூடி இல்லை. உறங்கும் பொழுதும் செவி ஒலிகளை ஏற்றுக்கொண்டே இருக்கின்றது. ஆயினும் செவியில் விழும் ஒலிகள் அனைத்தையும் மனம் பொருட்படுத்துவதில்லை. தெருவின் இரைச்சலுக்கிடையே உறங்கும் தாய், தன் குழந்தையின் சிறு முனகலுக்கு விழித்துக்கொள்கின்றாள். மழையோசையில் அயர்ந்து உறங்குபவரைக் கதவின் தாழ் அசையும் ஒலி எழுப்பிவிடுகின்றது. எனவே ஓர் ஒலி கவனத்தைக் கவர்வதற்கு அதன் வலிமை மட்டுமே காரணம் அன்று என்பது வெளிப்படை. அவ்வாறாயின் பிற காரணங்கள் யாவை? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கிய மரபு தரும் விடைகளை வரலாற்று நோக்கில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைக்கருவிகள், பண்கள், ஒலிக்குறிப்புச் சொற்கள் ஆகியவை பற்றித் தமிழில் விரிவான ஆய்வுகள் உள்ளன. இக்கட்டுரை முதற்கண் ஒலிக்கும் பொருளை விடுத்துக் கேட்போரின் மனநிலையை நோக்குகின்றது. பின்னர், ஒலிக்குச் செவி கொடுத்த சமூகம் அவ்வொலியை எழுப்பியவரை எவ்வாறு நடத்தியது என்னும் வினாவிற்குச் செல்கின்றது. முன்னது உளவியல் சார்ந்த வினா. பின்னது சமூக வரலாறு சார்ந்த வினா. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

கேட்டலும் ஓர்த்தலும்

செவிப்புலன் சார்ந்த தமிழ் வினைச்சொற்களுள் கேட்டல், ஓர்த்தல் ஆகிய இரண்டும் வேறுபடுத்தி அறியத்தக்கன. ஒலி செவியில் விழுவது கேட்டலின் பாற்படும். ஓர்த்தல் என்பதோ கூர்ந்து கேட்டல், ஆராய்தல், எண்ணுதல் எனப் பல பொருள்களைத் தன்னுள் அடக்கியது. செவியின் செயலையும் நெஞ்சின் செயலையும் ஒரு சொல்லால் குறித்திருப்பது கருதத்தக்கது.

103 அடிகளைக் கொண்ட முல்லைப்பாட்டு இதற்குச் சிறந்த சான்றாக அமைகின்றது. போர்மேற் சென்ற தலைவனை எண்ணி எழுநிலை மாடத்தில் கிடக்கின்றாள் தலைவி. கூரையின் மூலைகளிலிருந்து மழைநீர் திரண்டு விழும் ஓசையை அவள் ஓர்த்துக் கிடப்பதாக நப்பூதனார் பாடுகின்றார். மழைநீர் விழும் ஓசை கார்காலத்தில் எல்லா வீட்டிலும் எழுவது, யாரும் பொருட்படுத்தாதது. அவளோ அதனை ஓர்க்கின்றாள். கார்காலம் வருமுன் மீள்வதாகத் தலைவன் சொல்லிச் சென்ற சொல் அவ்வோசைக்குள் ஒளிந்து கிடக்கின்றது. பாட்டின் இறுதியில் அதே செவியை நிறைப்பது மீண்டு வரும் படையின் கொம்பும் சங்கும் தேர்க்குதிரைகளின் கனைப்பும் ஆகும். மழையோசையை ஓர்த்த செவியே வெற்றியோசையைப் பெறுகின்றது.

கனடா நாட்டு இசையறிஞர் ஆர். மரே ஷாஃபர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், ஒரு நிலப்பகுதியின் ஒலிகளை மூவகையாகப் பகுத்தார். யாரும் உணராமலே பின்னணியாக நிற்பது அடியொலி. கவனித்தற்கென்றே எழுப்பப்படுவது குறியொலி. ஓர் ஊருக்கே உரியதாய் அவ்வூரார் போற்றுவது அடையாள ஒலி. இப்பகுப்பைக் கொண்டு நோக்கின், சங்க அகப்பாடல்கள் செய்யும் செயலை இவ்வாறு கூறலாம்: ஊரார்க்கு அடியொலியாக இருப்பது காத்திருக்கும் ஒருத்திக்குக் குறியொலியாக மாறிவிடுகின்றது. மாற்றம் ஒலியில் நிகழ்வதன்று. கேட்பவர் நெஞ்சில் நிகழ்வது.

நள்ளிரவின் மெல்லொலிகள்

குறுந்தொகையின் 86ஆம் பாடல் வெண்கொற்றனார் பாடியது. கூதிர்க்கால நள்ளிரவு, வாடைக்காற்று மழைத்துளியைத் தூவுகின்றது. தொழுவத்தில் ஈ மொய்க்குந்தோறும் பசு தலையை அசைக்கின்றது; அதன் கழுத்துமணி மெலிதாக ஒலிக்கின்றது. இவ்வொலியைக் கேட்போர் தன்னையன்றி வேறு எவரேனும் உளரோ என்று தலைவி வினவுகின்றாள். மணியின் குரலை வறுமையுற்ற குரலாகப் புலவர் சித்திரிக்கின்றார். செவியில் விழும் ஆற்றலே இல்லாத ஏழைக்குரல் அது. அதனைக் கேட்க முடிவதே தன் துயிலின்மைக்குச் சான்று என்பது அவள் வினாவின் உட்கிடை. இங்கு ஒலி துயரத்தின் அளவுகோலாகிவிடுகின்றது: எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கின்றதோ அவ்வளவு ஆழமானது தனிமை.

கொல்லன் அழிசி பாடிய 138ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஊர் உறங்கியபோதும் தாங்கள் உறங்கவில்லை என்று தோழி கூறுகின்றாள். வீட்டருகே நிற்கும் நொச்சியின் முதிர்ந்த பூக்கள் உதிர்ந்து வீழும் ஓசையை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தனராம். பூ உதிரும் ஓசைக்கு மேல் மெல்லிய ஓசை இல்லை. தலைவன் சிறைப்புறத்தே நிற்க, அவன் கேட்குமாறு இக்கூற்று நிகழ்வதாகத் துறை வகுக்கப்பட்டுள்ளது. பூவின் ஓசையும் தப்பாத செவிக்கு உன் வருகையின் ஓசை மட்டும் கேட்கவில்லை. ஆகவே நீ வரவில்லை என்பது குறிப்பு. கேட்ட ஒலியைச் சொல்லிக் கேளாத ஒலியை உணர்த்தும் இவ்வுத்தி, கவனத்தின் தன்மையைத் துல்லியமாக அறிந்த ஒருவரால் மட்டுமே ஆகக்கூடியது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் 16ஆம் பாடலில், பாலைநிலத்துப் பல்லி தன் துணையை அழைக்கும் ஓசைக்கு ஓர் உவமை கூறப்படுகின்றது. ஆறலை கள்வர் தம் அம்பினைச் செப்பம் செய்யும்பொழுது நகநுனியில் அதனைப் புரட்டும் ஓசையே அவ்வுவமை. வீட்டுச் சுவரில் கேட்பின் பொருட்படுத்தப்படாத பல்லியின் ஓசை, வழிச்செல்வோனுக்கு உயிரச்சமும் துணையின் நினைவும் ஒருங்கே தருவதாகின்றது.

குறியும் பிழையும்

கவனம் கூர்மையுறும் இடத்தில் பிழையும் நேரும். இதனை அகப்பொருள் இலக்கணம் அல்லகுறி என்னும் கருத்தால் வகைப்படுத்தியுள்ளது. இரவுக்குறியில் வரும் தலைவன் புள்ளினங்களை எழுப்பியோ நீரில் கல்லெறிந்தோ தன் வருகையை உணர்த்துவான். அதே ஓசை இயல்பாகவே எழுமாயின் தலைவி குறியிடம் சென்று ஏமாந்து மீள்வாள். களவில் எழுப்பப்படும் குறி, பிறர் ஐயுறாவண்ணம் அன்றாட ஒலியைப் போன்றிருத்தல் வேண்டும். ஆனால் அவளுக்கு மட்டும் வேறாகத் தோன்றுதல் வேண்டும். இம்முரண்பாட்டிலிருந்தே பிழை பிறக்கின்றது.

தனிமனித நிலையில் குறி எவ்வாறோ, சமூக நிலையில் விரிச்சி அவ்வாறு. தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளுள் படை இயங்கும் அரவத்தையும் ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டலையும் அடுத்தடுத்து வைக்கின்றது. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நாழியில் நெல்லும் முல்லைமலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று நற்சொல்லை எதிர்நோக்கி நிற்கின்றனர். தாய்ப்பசு வாராமையால் வருந்தும் கன்றை நோக்கி, தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று குளிரால் நடுங்கும் ஓர் இடைமகள் தேற்றுகின்றாள். கன்றுக்குச் சொல்லப்பட்ட சொல் தலைவிக்கு உரிய செய்தியாகக் கொள்ளப்படுகின்றது. சொன்னவள் அறியாமலே அவள் சொல் அரண்மனை வரை செல்கின்றது.

காலின் செரி 1953ஆம் ஆண்டு, இரு செவிகளிலும் இருவேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனிக்குமாறு பணித்து ஆய்வு நிகழ்த்தினார். கவனியாத செவியில் விழுந்த பேச்சின் பொருளைக் கேட்டோர் பெரும்பாலும் அறிந்திலர். நெவில் மோரே 1959ஆம் ஆண்டு நிகழ்த்திய ஆய்விலோ, கவனியாத செவியில் ஒலித்த தம் பெயரைச் சிலர் உணர்ந்தனர். தமக்கு உரியது என்று மனம் முன்னரே குறித்து வைத்தது கவனத்தின் வேலியைத் தாண்டி நுழைகின்றது என்பது இதனால் பெறப்படும். சங்கப் புலவர் இவ்வறிவியலை முன்னரே கண்டனர் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் அளந்த அனுபவத்தைப் புலவர் வாழ்க்கையில் உற்று நோக்கிப் பதிவு செய்தனர் என்பதில் ஐயமில்லை.

கேட்பவர் நெஞ்சின் வழியே ஒலி பொருள் கொள்ளும் என்பதைக் கலித்தொகையின் 92ஆம் பாடல் ஓர் உவமையால் கூறுகின்றது. தான் கண்டது கனவு என்று தலைவன் சாற்ற, தலைவி அவனை மறுக்கின்றாள். கேட்பவர் எதை ஓர்க்கின்றாரோ அதையே ஒலிப்பது பறை; அதுபோல அவன் நெஞ்சம் விரும்பியதே கனவாயிற்று என்கின்றாள். தலைவனை இடித்துரைக்க வந்த இவ்வுவமை, கவனம் பற்றிய தமிழரின் கோட்பாடாகவே கொள்ளத்தக்கது. இவ்வுவமைக்குப் புலவர் தேர்ந்தது யாழையோ குழலையோ அன்று, பறையை. அப்பறையின் வரலாற்றை இனிக் காணலாம்.

ஊரை அழைக்கும் ஒலி

இதுவரை கண்டவை எவரும் கேளாத ஒலியை ஒருவர் கேட்டவை. முரசும் மணியும் பறையும் இதற்கு மறுதலையானவை. ஊர் முழுதும் ஒருசேரக் கேட்டற்கென்றே எழுப்பப்படுபவை. இவற்றிலும் வலிமையினும் பொருளே முந்துகின்றது. பக்குடுக்கை நன்கணியார் பாடிய புறநானூற்று 194ஆம் பாடலில், ஒரு வீட்டில் சாவுக்குரிய நெய்தற்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கின்றன. இரண்டும் தோற்கருவியின் ஒலிகளே. எந்த ஒலிக்கு எப்பொருள் என்னும் ஊர் உடன்பாடே ஒன்றைத் துயராகவும் மற்றொன்றை மகிழ்வாகவும் ஆக்குகின்றது.

ஊரை அழைக்கும் ஒலி அதிகாரத்தின் கையில் உள்ளது. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசு யானையின் பிடரியில் ஏற்றப்படுகின்றது. 28 நாள் இந்திரவிழாவை முதுகுடிப் பிறந்தோன் ஒருவன் நகருக்கு அறிவிக்கின்றான். முரசறைவோன் தொன்மையான குடியினனாக அங்குப் போற்றப்படுகின்றான். மாங்குடி கிழாரின் புறநானூற்று 335ஆம் பாடலும் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையும் குடிகளாகச் சிறப்பித்துக் கூறுகின்றது. அதே தொகையின் 287ஆம் பாடலோ துடி முழக்குவோனைப் புலையன் என்றும் கோல் கொள்வோனை இழிசினன் என்றும் விளிக்கின்றது. சிறப்பும் இழிவும் ஒரே தொகைநூலுள் அருகருகே நிற்கின்றன. எனவே சங்க காலத்தை முழுமையான சமத்துவக் காலமாகவோ பிற்காலச் சாதியமைப்பின் நேர்ப்படியாகவோ கொள்வது பொருந்தாது.

கேட்போரைக் கருதி ஒலியை அடக்கும் பண்பும் அம்மரபில் உண்டு. குறுங்குடி மருதனாரின் அகநானூற்று 4ஆம் பாடலில், மலர்ச்சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் கலங்கும் என்று அஞ்சி, தலைவன் தன் தேர்மணிகளின் நாவை ஒலியாதவாறு கட்டிவிடுகின்றான். ஒலிக்கும் உரிமை உடையவனுக்குக் கேட்கும் உயிர்பால் கடமையும் உண்டு என்பது இதன் பொருளாகும்.

மணியும் தோலும்

ஒலிக்கும் ஒலித்தவருக்கும் இடையே விழுந்த பிளவைப் பெரியபுராணத்தில் தெளிவாகக் காணலாம். சேக்கிழார் திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழனின் வரலாற்றை விரித்துரைக்கின்றார். அரசிளங்குமரனின் தேர்க்காலில் கன்று இறந்துபட, தாய்ப்பசு திருவாரூர் அரண்மனை வாயிலில் இருந்த ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைக்கின்றது. மணியோசை கேட்ட மன்னன் விரைந்து வருகின்றான். கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துரைத்த இச்செய்தி, ஓர் ஒலிக்கு எவ்வளவு அறவலிமை இருத்தல் கூடும் என்பதற்குத் தமிழ் மரபின் உச்சமான சான்றாகும். ஒலித்தது யார் என்று அம்மன்னன் வேறுபாடு பார்க்கவில்லை. விலங்கின் முறையீடும் கேட்கப்பட்டது.

அதே பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறும் உள்ளது. சிவன் கோயில்களின் பேரிகை முதலிய முகக்கருவிகளுக்குப் போர்க்கும் தோலும் விசிக்கும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பும் அளித்தவர் நந்தனார். அவர் அளித்த தோலின் முழக்கம் ஊரைக் கோயிலுக்கு அழைத்தது. அவரோ வாயிலுக்குப் புறத்தே நின்றார். பசு அசைத்த மணிக்கு அரண்மனைக் கதவு திறந்தது. முழவுக்குத் தோல் தந்தவருக்குக் கோயிற்கதவு திறக்கவில்லை. சேக்கிழார் இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டுக் கூறவில்லை. ஆயினும் ஒரே காப்பியத்துள் இரண்டும் இடம்பெற்றிருப்பது வரலாற்று மாணவரின் கவனத்தைக் கோருவதாகும்.

இப்பிளவு இலக்கியக் கற்பனை அன்று என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்களின் வரி நீக்கிய நிலங்களைக் கூறுமிடத்துப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. பறையொலி ஊர் முழுதும் பரவியது. பறையர் குடியிருப்போ ஊரிலிருந்து பிரித்து எண்ணப்பட்டது.

பறை முதல் தண்டோரா வரை

பறை என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்பது பொருள். மலையாளத்தில் இது இன்றும் அன்றாடப் பேச்சு வழக்கில் உள்ளது. குமரி மாவட்டத் தமிழிலும் வழங்குகின்றது. ஆகவே பறை என்பது வெறும் ஓசை அன்று, சொல். அச்சொல்லுக்குரிய மக்களின் பெயர் ஐரோப்பிய மொழிகளுள் புகுந்து, காலப்போக்கில் சமூகத்தால் விலக்கப்பட்டவர் என்னும் பொதுப்பொருளைப் பெற்றுவிட்டது. சொல்லுதலைக் குறித்த வேரிலிருந்து சொல்லுரிமை மறுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல் தோன்றியது வரலாற்றின் கொடிய முரண் எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பறையறைந்து அறிவித்தல் சட்டத்தின் கருவியாயிற்று. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அசையாச் சொத்தினைப் பற்றுகை செய்யும் ஆணையைப் பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ அவ்விடத்தில் அறிவிக்க வகை செய்தது. வடநாட்டு மொழிகளிலிருந்து வந்த தண்டோரா என்னும் சொல் சிற்றூர்களில் நிலைபெற்றது. வரி செலுத்தும் நாள், ஏலம், ஏரி திறப்பு, நோய்த்தடுப்பு ஆகிய செய்திகள் அவ்வொலியின் பின்னரே ஊருக்குக் கிடைத்தன. அவ்வொலி தெருமுனையில் எழுந்தவுடன் கைவேலையை நிறுத்திவிட்டு மக்கள் செவி சாய்த்தனர். அடித்தவரோ செய்தியைக் கூவிவிட்டு அடுத்த தெருவிற்கு நகர்ந்தார். அவர் சொன்னது கேட்கப்பட்டது. அவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதேனும் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. சாவுப்பறை அடித்தலும் இவ்வாறே பிறப்பினால் சுமத்தப்பட்ட ஊர்ப்பணியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் இப்பணியைச் செய்ய மறுத்தலே உரிமைக்குரலாக எழுந்தது. ஒலியாமையும் ஒரு குறியொலி ஆயிற்று.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா தொடர வேண்டிய தேவை இல்லை என்றும், ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களின் வழியாகச் செய்திகளை அறிவிக்கலாம் என்றும் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். இதனை ஒரு கருவியின் வீழ்ச்சியாகக் காண்பது பொருந்தாது. தடுக்கப்பட்டது பறை அன்று. பறையடித்தலைச் சிலர்மேல் சுமத்திய வழக்கம். மேடையில் விரும்பி இசைக்கப்படும் பறையின் நிலை வேறு. 2025ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டமை, ஒலியோடு ஒலிப்பவரும் மதிக்கப்படும் நிலைக்கு ஓர் அடையாளமாகும்.

பறையின் இடத்தில் வந்த ஒலிபெருக்கி கவனத்தை மிகுதியாகப் பெற்றுவிட்டதா என்பது எண்ணத்தக்கது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. ஒலி மிகுந்தபோது கேட்போர் செவி சாய்ப்பதை விட்டுச் செவியைக் காத்துக்கொள்ளத் தலைப்பட்டனர் என்பதையே இவ்விதிகளின் தேவை உணர்த்துகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. அன்றாட ஒலி ஒன்று கவனத்தைக் கவர்வது அதன் வலிமையால் அன்று. கேட்போரின் காத்திருப்பாலும் அச்சத்தாலும் ஊர் உடன்பாட்டாலும் ஆகும். பசுவின் கழுத்துமணி, நொச்சிப்பூ, பல்லி, இடைமகள் சொல் ஆகியவை இதற்குச் சான்றுகள். தமிழ் மரபு இதனை ஓர்த்தல் என்னும் ஒரே சொல்லில் அடக்கியுள்ளது. ஊரை அழைக்கும் ஒலிகளில் கவனம் ஒலிக்கு மட்டும் வழங்கப்பட்டு, ஒலித்தவருக்கு நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டது. இம்மறுப்பும் ஒருவகை ஓர்த்தலே. கேட்க விரும்பியதை மட்டும் கேட்டு, கேட்க விரும்பாததை விடுத்த சமூகத்தின் ஓர்த்தல்.

தேர்மணியின் நாவைக் கட்டியவன் கேட்கும் உயிரைக் கருதினான். ஆராய்ச்சி மணியைக் கேட்டவன் ஒலித்த உயிரைக் கருதினான். இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறும்பொழுதே கேட்டல் அறமாகின்றது. பறையின் ஒலியைக் கேட்டுப் பழகிய செவிகள், பறைந்தவரின் சொல்லையும் கேட்கக் கற்றுக்கொள்வது அவ்வறத்தின் எஞ்சிய பகுதியாகும்.